செவ்வாய்க்கிழமைகளில் வந்த வார்த்தைகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாத்திரத்தைக் கழுவுவதற்காகப் பிரின்சிபால் கமலவேணி மேடம் தன் வீட்டுக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை, எங்கள் ஊரில் அது அதிசயமில்லை, காற்று வந்தது, அதுவும் அதிசயமில்லை, காற்றுக்குப் பின்னால் மோதிரம் வந்தது. முதலில் ஒன்று வந்தது, பிறகு கொத்தாக வந்தது, பிறகு மூட்டையை அவிழ்த்து உளுந்தைக் கொட்டுவதுபோலச் சலசலவென்று கொட்டி, தொட்டி நிறைந்து, அடுக்களை நிறைந்து, நடையைத் தாண்டித் தெருவுக்கு உருண்டு வந்தது. குழாய் ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, லைனில் மோதிரம் ஏறியிருக்கிறது, கொஞ்ச நாளில் தானாக நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆசாரி உரசிப் பார்த்து, தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை, ஆனால் குறை சொல்ல முடியாத சாமான் என்றார். எந்த விரலில் போட்டாலும் அந்த விரலுக்கே அளவெடுத்தது மாதிரி நின்றது. அந்த வாரம் தள்ளிப்போன நிச்சயதார்த்தங்கள் எல்லாம் நடந்தன, ஜன்னல் திரைகள் எல்லாம் வளையம் போட்டுத் தொங்கின. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு குச்சி அடுக்க வந்தார்கள், குச்சியோடு உரசித் தீப்பிடித்துவிடும் என்று கணக்கப்பிள்ளை அத்தனையையும் கழற்றச் சொல்லி வாசலில் ஒரு வாளியில் போட வைத்தார்.

நான் மட்டும் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்ததைத் தொட எனக்கு மனமில்லை. அவை எப்படி வந்தன என்று அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவற்றை அனுப்பியதே நான்தான்.

என் பெயர் ஆவுடைத்தாய். ஐந்தாவது முடித்ததும் தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்தவள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள் என் மகள் மோனிஷா. அவளை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்த நாளிலிருந்து எனக்குக் கவலைப்படாத நேரம் கிடையாது. வேன் கவிழ்ந்துவிடுமோ, தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிடுவாளோ, டிபனைத் தின்னாமல் கொட்டிவிடுவாளோ, நான் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று ஒன்று விட்டால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் நான் கவலைப்பட்ட எதுவும் நடக்கவில்லை. நான் நினைத்தே பார்க்காத ஒன்றுதான் நடந்தது.

அந்த ஸ்கூலின் ஆண்டு விழாவில் அம்மாக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மேடையில் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கமலவேணி மேடம் மைக்கை வைத்துக்கொண்டு, நான் ஒரு சின்ன வார்த்தை சொல்லுவேன், அதே ஓசையில் முடிகிற இன்னொரு இங்கிலீஷ் வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டும், எல்கேஜி பிள்ளைகளே சொல்லிவிடும் என்று சொன்னார்களாம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் டக்டக்கென்று என்னவோ சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். கண்ணுக்குள் லைட் வெளிச்சம், காதுக்குள் ஸ்பீக்கர் இரைச்சல், அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை எல்லாம் சேர்ந்து என் தலைக்குள் எதுவும் ஏறவில்லை. "கிங்" என்று மட்டும் மேடம் சொல்லி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டியதும், அது எனக்குத் தெரிந்த வார்த்தை என்று மனம் குளிர்ந்துபோயிற்று, மோனிஷாவின் புத்தகத்தில் கிரீடம் வைத்த படத்துக்குக் கீழே போட்டிருப்பார்கள்.

"ராசா" என்றேன்.

நான் சொன்னதை ஸ்பீக்கர் ஊருக்கே சொன்னது. மேடம்தான் முதலில் சிரித்தார்கள். ராசா வந்துட்டாரு, ராணியையும் கூட்டிட்டு வாங்கம்மா என்றார்கள். மைதானமே சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு இறங்கியிருப்பேன். மேடம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இது யாருடைய மம்மி, எழுந்து நில் பார்ப்போம் என்றார்கள். காய்கறி நடனத்துக்குக் கத்தரிக்காய் வேஷம் போட்டுக்கொண்டு நாலாம் வகுப்பு வரிசையில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த ஊதா நிறத் துணியை முந்தின நாள்தான் தைத்துக் கொடுத்தேன். அவள் எழவில்லை. யார் அந்தப் பிள்ளையோ என்று தேடுகிற மாதிரி பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இவங்க யாருக்கும் அம்மா இல்ல போல" என்றார்கள் மேடம்.

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் தெருக்காரர்கள், எங்கள் ஆபீஸ்காரர்கள், என் வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், எல்லோரும்தான்.

அன்றிலிருந்து மோனிஷா என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பசிக்குது, யூனிபார்ம் எங்க, கையெழுத்துப் போடணும் என்று எதைச் சொன்னாலும் முன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைக்காமல் சொல்லப் பழகிக்கொண்டாள். காலையில் ஸ்கூல் வரைக்கும் கூடப் போனால், வாசலுக்கு முன்னாலிருக்கிற பெட்டிக்கடை முக்கிலேயே நின்றுகொள்ளச் சொன்னாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டோம், மண்ணை வாரித் தூற்றுவோம். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு, முடியை அவிழ்த்துவிட்டு, முச்சந்தியில் மண் எடுத்துக்கொண்டு போய், ஸ்கூலை ஒட்டியிருந்த கமலவேணி வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்று மூன்று தடவை தூற்றினேன்.

"எந்த வார்த்தை தெரியலேன்னு என்னைய ஊரு முன்னால நிறுத்துனியோ, அந்த வார்த்தை அம்புட்டும் உன் வீட்டைத் தேடி வரட்டும். ஒண்ணு விடாம வந்து உன்னையக் கேக்கட்டும்."

வாட்ச்மேன் வந்து, பெல் அடிக்கிற நேரம், சத்தம் போடாமல் போங்கம்மா என்றான். நான் திரும்பி வந்து உலை வைத்தேன். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் குழாயில் மோதிரம் வந்தது.

அதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் வீட்டு முற்றத்தில் ஊஞ்சல் வந்தது. உத்திரம் இல்லை, கொக்கி இல்லை, இரண்டு கயிறும் நேரே வானத்துக்குள் போயின, எவ்வளவு உயரம் என்று மாடியில் ஏறிப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் ஆடத் தொடங்கிவிட்டது. மாசமாக இருந்த பெண்கள் ஆடினால் பிரசவம் சுலபமாக இருக்கிறது என்று பேச்சு பரவியது, ரிட்டயரான தபால்காரர் தினமும் வந்து பேப்பர் படித்துக்கொண்டே ஆடிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மோனிஷா ஷூவைக் கழற்றிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி, "கிங், ரிங், ஸ்விங்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மண் தூற்றியது அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது அவள்தான். ரிங் என்றால் என்ன, ஸ்விங் என்றால் என்ன என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அர்த்தம் தெரியாத வார்த்தைகளை வைத்துச் சாபம் விட்டிருக்கிறேன். கொள்ளி என்று நினைத்துக் கொலுசை எறிந்திருக்கிறேன்.

மூன்றாவதாகச் சிறகு வந்தது. ஸ்கூல் வேனுக்கு இரண்டு பக்கமும் கோழிச் சிறகு மாதிரி தவிட்டு நிறத்தில் முளைத்தது. பறக்க முடியவில்லை, வேகத்தடை வரும்போது மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு மெத்தென்று இறங்கியது. பிள்ளைகள் அந்த வேனில்தான் போவோம் என்று அழுதார்கள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள், கமலவேணி மேடம் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள்.

நான்காவது செவ்வாய்க்கிழமை வந்ததுதான் என்னைக் கொன்றுபோட்டது. எங்கள் ஊர் கரிசல் காடு, போர்வெல்லில் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீருக்கு டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கிடக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், மேடம் வீட்டில் செருப்பு விடுகிற இடத்தில், தரைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஊற்று வந்தது. இளநீர் மாதிரி ருசி. எவ்வளவு மொண்டாலும் வற்றவில்லை, மொள்ளாமல் விட்டாலும் விளிம்பைத் தாண்டவில்லை. ஊர் முழுக்கக் குடத்தோடு அங்கே போய் நின்றது. டேங்கர் லாரி வருவது நின்றுபோயிற்று. அங்கங்கே வாசல்களில் கனகாம்பரம் பூத்தது, பிள்ளைகளுக்குச் சிரங்கு ஆறியது, வெள்ளைச் சட்டைகள் வெள்ளையாக இருந்தன. கவுன்சிலர் திரவியம் ஒரு கூட்டம் போட்டு, கமலவேணி மேடத்துக்குச் சால்வை போர்த்தி, இவங்க ஒரு ஸ்கூலுக்கு மட்டும் பிரின்சிபால் இல்லை, இந்த ஊருக்கே அம்மா என்று பேசினார். அதற்கும் இதே ஊர்தான் கைதட்டியது.

நான் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. பகை இருக்கிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்களுக்குள் வழக்கம். ஒரு வாய்த் தண்ணீர் அங்கே வாங்கிக் குடித்துவிட்டாலும் பகை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், விட்ட சாபமும் அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடும். என் வீட்டில் மட்டும் உப்புத் தண்ணீரில் சோறு பொங்கியது, அது மஞ்சளாக வந்தது. என் வீட்டுக்காரர் சீனிப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் வாய் திறக்காத மனிதர், அவரே ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, உன் கோபத்தைத் தின்னுத் தின்னு எனக்குப் பல்லெல்லாம் கரையுது ஆவுடை என்றார். தின்னுங்க என்றேன்.

அதற்குப் பிறகுதான், இன்னும் என்னென்ன வார்த்தை பாக்கி இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். கெட்டது ஏதாவது ஒன்று அதில் இல்லாமலா போகும்? சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே மோனிஷாவிடம் கேட்டேன். ரிங், ஸ்விங், விங், ஸ்ப்ரிங், புத்தகத்தில் இந்த நாலுதான் போட்டிருக்கு என்றாள். பிறகு அவளுக்கே ஆசை வந்து, மிஸ் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று இருக்கிறது, ஏ பி சி டி வரிசையில் ஒவ்வொரு எழுத்தாக முன்னால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிங், டிங், ஃபிங் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, இது இருக்கு, இது இல்ல என்று தள்ளினாள்.

"மிங்?" என்றேன்.

"அப்படி ஒண்ணு கிடையாது."

"இருந்தா நல்லா இருக்கும். மிங்னா மூக்கு அழுகிப்போறது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டு விழாவுக்குப் பிறகு என் முன்னால் அவள் சிரித்தது அன்றுதான். அதன்பின் தினமும் சாயங்காலம் நாங்கள் அதே வேலையாக உட்கார்ந்தோம். ஒரு எழுத்து போதாதென்று இரண்டெழுத்தை முன்னால் போட்டுப் பார்த்தாள், மூன்றெழுத்தைப் போட்டாள். நான் நாக்கைச் சரியாக வளைக்கவில்லை என்று என் தாடையைப் பிடித்துத் திருத்தினாள். நான் மறுநாள் ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே அவற்றைச் சொல்லிப் பார்ப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சண்முகக்கனி, என்ன மதினி, தும்மல் வருதா என்று கேலி பண்ணுவாள். ஒருநாள் எஸ்ஸையும் டியையும் சேர்த்து முன்னால் போட்ட மோனிஷா அப்படியே நிறுத்தினாள். "ஸ்டிங்" என்றாள். கொட்டுவது, தேள் கொட்டுவது, குளவி கொட்டுவது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பவும் அவள் அம்மா என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கண்ணில் இருந்தது என் கண்ணில் இருந்த அதே ஆசைதான், அதை நான் பெற்றவள் என்பதால் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை குளவி வந்தது. கூட்டமாக வரவில்லை, ஒன்றே ஒன்றுதான், நல்ல கருநீலத்தில், கட்டைவிரல் பருமனில் வந்தது. தினமும் காலையில் பிரேயர் தொடங்கும்போது வந்து கமலவேணி மேடத்தின் உதட்டில் ஒரு தடவை கொட்டிவிட்டுப் போனது. ஜன்னலை அடைத்தார்கள், வலை போட்டார்கள், புகை போட்டார்கள், மேடம் ஹெல்மெட் போட்டுக்கொண்டுகூட நின்று பார்த்தார்கள், அது ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது. நான் பெட்டிக்கடை முக்கில் நின்று அந்த வீங்கின உதட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன், அன்றைக்கெல்லாம் குச்சி தானாக அடுக்கிக்கொண்டது. ஆனால் ஊர் இதையும் விடவில்லை. குளவி திரும்பிப் போகும்போது குறுக்கே நின்று முழங்காலில் கொட்டு வாங்கிய ஒரு கிழவருக்கு வாதம் போய்விட்டதாம். மறுநாளே மூட்டுவலிக்காரர்கள் ஸ்கூல் வாசலில் வரிசை கட்டி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அடுத்தது சிங். பாடுவது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கமலவேணி மேடத்துக்குப் பேச்சு நின்றுபோய், வாயைத் திறந்தாலே பாட்டாகத்தான் வந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டாலும் பாட்டு, உப்புக் குறைச்சல் என்றாலும் பாட்டு. எல்லாம் எல்கேஜி பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற துள்ளல் மெட்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது, வாய்ப்பாடும் வரலாறும் மெட்டோடு மனதில் ஏறி, மக்கு என்று பெயர் வாங்கினவர்கள்கூட நல்ல மார்க் எடுத்தார்கள். அந்த வீட்டில் எதைப் போட்டாலும் முளைக்கிறதே என்று நான் வெந்துபோனேன்.

அப்போது மேடத்தின் அண்ணன் இறந்துபோனார். வளர்த்து ஆளாக்கிய அண்ணன். மேடம் மாலையோடு போய், உடம்பின்மேல் விழுந்து, அண்ணா என்று வாயைத் திறந்தார்கள், அந்தத் துள்ளல் மெட்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்களாம், விரலிடுக்கு வழியாகவும் அதுதான் வந்ததாம். துஷ்டி வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து, அவர்களின் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய்க் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இதை ஆபீஸில் கேள்விப்பட்டபோது எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் ஒருநாள் ஜனங்களுக்கு நடுவில் வாயைத் திறந்தேன், என் பிள்ளை என் பிள்ளையாக இல்லாமல் போனாள். இப்போது தெரியட்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேடம் என் வீட்டுக்கு வந்தார்கள். தனியாகத்தான் வந்தார்கள், வருவது எல்லாம் அன்று மேடையில் கேட்ட ஓசை வார்த்தைகள்தான் என்று அதற்குள் அவர்களுக்கும் விளங்கியிருந்தது. உதடு வீங்கி, கண் உள்ளே போய், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். தலைப்பை எடுத்துவிட்டு ஒரு வரி பாடினார்கள். விட்டுருங்க ஆவுடை, விட்டுருங்க, என்னால அழக்கூட முடியல என்பதுதான் அந்த வரி, ஆனால் குருவி கொத்துகிற மாதிரி அது தாவித் தாவி வந்தது. கதவுக்குப் பின்னால் மோனிஷா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எல்லாரும் தண்ணி பிடிக்கிற நேரத்துக்கு உங்க வீட்டுக்கு வாரேன், அங்க எல்லாரும் கேக்கச் சொல்லுங்க, பெறகு பாப்போம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நான் சொன்னதும், இதெல்லாம் என் சாபம்தான் என்பதும் அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவுக்குப் பிறகு ஒரு நாள்கூட என் படி ஏறி, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதவர்கள். கவுன்சிலர் திரவியம் வாழைப்பழச் சீப்போடு வந்தார். உங்க கோபம் நியாயமான கோபம்மா, அதை விடவே கூடாது, பொம்பளைன்னா வைராக்கியம் வேணும் என்றார். மன்னித்துவிட்டால் ஊற்று நின்றுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை, சண்முகக்கனி சொன்னாள். அவ படட்டும் மதினி, நமக்கென்ன, தண்ணி வருதுல்ல என்றாள். நான் எல்லோருக்கும் உப்புத் தண்ணீரில் காப்பி போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

மறுநாள் மோனிஷாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் வீட்டு முற்றத்தில் ஊரே குடத்தோடு நின்றது. ஊஞ்சலில் இருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மேடம் படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாடினார்கள். தான் செய்தது தப்பு, ஒரு தாயைப் பிள்ளைக்கு முன்னால் சிறுமைப்படுத்தியது பாவம், மன்னிக்க வேண்டும் என்று முழுசாகப் பாடினார்கள், கண்ணில் நீர் கொட்டக் கொட்ட அந்தத் துள்ளல் மெட்டிலேயே பாடினார்கள். கூட்டத்தில் சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் தாளம்கூடப் போட்டார். பாடி முடித்துவிட்டு, ஊற்றில் ஒரு டம்ளர் மொண்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்கள்.

டம்ளரை வாங்கிக்கொண்டேன். குடிக்கிறதாக இல்லை. கீழே கொட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அண்ணனுக்கு அழ முடியாத வாயோடு அவள் ஆயுசுக்கும் கிடக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கொட்டிரு மதினி" என்றாள் சண்முகக்கனி. "குடிச்சிராத."

நான் அவளைப் பார்த்தேன். "இவ என்னைய என்ன சொன்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் யாரு இப்ப நெனச்சுக்கிட்டு இருக்கா? அன்னைக்கு என்ன குடியா முழுகிப்போச்சு? சிரிச்சோம், கை தட்டுனோம், வீட்டுக்குப் போனோம். அதுக்காக ஊரு தண்ணியக் கெடுத்துராத."

ஆமாம், ஆமாம் என்று எல்லோரும் சொன்னார்கள். குடங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று சட்டை போட்டுக்கொண்டு சொன்னார்கள். அப்போதுதான் என் மனதுக்கு ஒன்று சரியாகப் பட்டது. கமலவேணிக்கு ஒரு வாய்தான். அந்த வாய் வீங்கிவிட்டது, பாடிவிட்டது, கெஞ்சியும்விட்டது. கைதட்டின கைகள்தான் இன்னும் குளுகுளுவென்று இருக்கின்றன. என் பிள்ளை அந்த வாய்க்குப் பயந்து உட்கார்ந்திருக்கவில்லை, இந்தக் கைகளுக்குப் பயந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

கவுன்சிலர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். சீனிப்பாண்டி கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்தபடி கொட்ட வேண்டாம் என்று தலையாட்டினார், பாவம், உப்புத் தண்ணீரில் கரைகிற பல் அவருக்கு. மோனிஷா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரை அண்ணாந்து, வாய் வைக்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவர்கள் சொன்ன மாதிரியே இளநீர் ருசி. இந்த ருசியைத்தான் இவர்கள் இத்தனை நாள் குடித்தார்களா என்று இருந்தது.

"உன்னைய விட்டுட்டேன்" என்று கமலவேணியிடம் சொன்னேன். "போயி உங்க அண்ணனுக்கு அழு."

மேடம் படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். மெட்டு இல்லாத, கரகரத்த, மனுஷ அழுகை. அதற்குள் ஊற்று உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. அவசர அவசரமாகக் குடத்தை விட்டவர்களுக்குச் சேறு வந்தது, பிறகு ஈரக்கல் தெரிந்தது, பிறகு கல்லும் காய்ந்தது. ஊஞ்சல் கயிறு வானத்திலிருந்து அவிழ்ந்து வந்து முற்றத்தில் சுருண்டு விழுந்தது. விரல்களில் மோதிரங்கள் கறுத்து உதிர்ந்தன. வேனின் சிறகுகளை மறுநாள் யாரோ குப்பைமேட்டில் பார்த்தார்களாம். பாக்கி இருந்த வார்த்தைகள் எதுவும் எங்கள் ஊருக்கு வரவில்லை.

அதன்பிறகு ஆபீஸில் என்னோடு யாரும் பேசவில்லை. சண்முகக்கனி தான் குச்சி அடுக்குகிற கட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டாள். கனகாம்பரம் காய்ந்தது, சட்டைகள் பழுத்தன, டேங்கர் லாரி மறுபடியும் வரத் தொடங்கியது. முதல் லாரி வந்த காலையில், மோனிஷா யூனிபார்மோடு, நான் சொல்லாமலே, என்கூடத் தெருமுனைக்கு வந்தாள். வரிசையில் எங்கள் குடம் முன்னால்தான் இருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி அதைக் காலால் எத்தி வெளியே தள்ளிவிட்டு, ஊரு தண்ணியக் குடிச்சுத் தீத்தவளுக்கு என்ன வரிசை வேண்டிக்கிடக்கு என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கக் காத்திருக்கிற முகங்கள், எனக்குப் பழக்கமான முகங்கள்தான். உருண்டுபோன குடத்தை மோனிஷா ஓடிப் போய் எடுத்தாள். மண்ணைத் தன் பாவாடையிலேயே துடைத்தாள். திரும்பி வந்து, எத்தினவளுக்கு முன்னால் அதை வைத்து, அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்க அம்மா குடம்" என்றாள். "எங்க அம்மாதான் தண்ணிய நிறுத்துனாங்க. இன்னொரு தடவ காலு வச்சிங்கன்னா, எங்க அம்மாட்டச் சொல்லிருவேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எத்தினவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஸ்கூல் வேன் வந்து திருப்பத்தில் நின்று ஹாரன் அடித்தது, மோனிஷா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது, வேனை விட்டுவிடுவாளே என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஆனாலும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சொல்லட்டும், எல்லோரும் நன்றாகக் கேட்கட்டும் என்று நின்றேன்.